மணல் எந்தப் பக்கமிருந்து வந்தது? படத்தைப் பார்த்தே சொல்லலாம்

கேள்வி: செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடற்கரைப் படிவுகள் பற்றி ஒரு புவியியல் ஒப்படைப்பு செய்கிறேன். எல்லாமே நீளமான மணல்திட்டாகத்தான் தெரிகிறது. எப்படிப் பிரித்துச் சொல்வது? மணல் வந்த திசையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். பெயர்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அலை எங்கே வலுவிழக்கிறது என்று தேடுங்கள். சுமக்கத் தெம்பில்லாத இடத்தில்தான் நீர் மணலை இறக்கும்.

அலை பெரும்பாலும் கரையைச் சாய்வாகத்தான் தொடும். ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளும். வடியும் நீர் சரிவில் நேராக இறங்கும். இப்படி ரம்பப்பல் போல ஏறி இறங்கியே மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டிருக்கும். கரை சட்டென்று உள்வாங்கும் இடத்தில் மணல் மட்டும் பழைய திசையிலேயே போய்ப் படியும். ஒரு முனை கரையோடு ஒட்டி, மறுமுனை நீருக்குள் நீண்டிருந்தால் அது நீள்திட்டு. ஒட்டிய முனையிலிருந்து நுனியை நோக்கித்தான் மணல் போகிறது.

இங்கிலாந்தின் ஸ்பர்ன் ஹெட் என்ற நீள்திட்டைப் பாருங்கள். வடக்கே ஹோல்டர்னஸ் கரையின் களிமண் குன்றுகளைக் கடல் அரிக்கிறது. அங்கிருந்து தெற்கே வரும் மணலும் கூழாங்கல்லும் ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தில் சுமார் 5 கி.மீ. நீளத்துக்குப் படிந்திருக்கின்றன. நுனி உட்புறமாக வளைந்திருக்கும், காரணம் அலை அதைச் சுற்றித் திரும்புவதுதான். திட்டின் மறைவில் நீர் அமைதியாக இருப்பதால் நுண்ணிய சேறு படிந்து சதுப்பாகிறது. ஆற்றின் ஓட்டமும் ஓதமும் (கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது) நுனியை அறுத்துக்கொண்டே இருப்பதால் முகத்துவாரம் மூடவில்லை.

அந்த ஓட்டம் இல்லாத விரிகுடாவில் திட்டு மறுகரையையும் தொட்டுவிடலாம். அப்போது அது தடுப்புத்திட்டு, பின்னால் சிக்கிய நீர் காயல். திட்டு ஒரு தீவைக் கரையோடு இணைத்தால் இணைதிட்டு: தீவு அலையைத் தடுக்க, அதன் நிழலில் மணல் சேரும்.

துறைமுகச் சுவரோ தடுப்புக்கல் வரிசையோ தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். மணல் குவிந்து கரை அகன்ற பக்கம்தான் வரவு. மறுபக்கம் கரை அரித்துப்போயிருக்கும்.

ஒரே படத்தை மட்டும் நம்ப வேண்டாம். புயல்கால அலை மணலைக் கடலுக்குள் இழுத்துக்கொள்ளும், அமைதிக்கால அலை கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே மாதத்தில் எடுத்த படங்களை ஒப்பிடுங்கள். அப்புறம் ஓத அளவையும் பாருங்கள். நீர் இறங்கிய நேரத்தில் எடுத்த படத்தில் எந்தத் திட்டும் பெரிதாகத்தான் தெரியும்.