கேட்டது கான்ஸ்ட், மாட்டியது வாலடைல்

வணக்கம் சார்,

சி மொழியில் ஃபர்ம்வேர் எழுதும் சிறு குழுவில் இருக்கிறேன். பாராமீட்டர்களில் நான் கான்ஸ்ட் (இதை மாற்ற மாட்டேன் என்ற குறிச்சொல்) போட்டால் எங்கள் சீனியர் ரிவ்யூவில் எடுக்கச் சொல்கிறார். "ஒரு காஸ்ட் (டைப்பை மாற்றிக்கொள்ளும் கட்டளை) போட்டால் போயே போச்சு. வேகமும் கூடாது. ஓரிடத்தில் போட்டால் எல்லா இடத்திலும் போட வேண்டிவரும்" என்கிறார். கான்ஸ்ட், வாலடைல் மாதிரியான டைப் குவாலிஃபயர்களால் உண்மையில் பயன் உண்டா? எங்கள் கோடில் உருப்படியாக வேலை செய்வது வாலடைல் (மதிப்பு எப்போதும் மாறலாம், ஒவ்வொரு முறையும் நினைவகத்தையே பார் என்று கம்பைலருக்குச் சொல்வது) ஒன்றுதான். இரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் கோட் இழைகள்) பகிரும் கவுண்டருக்கு அதைப் போட்ட பிறகு பிரச்சினையே வரவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேகத்தைப் பற்றி உங்கள் சீனியர் சொல்வது பெரும்பாலும் சரி. "இந்த பாயிண்டர் (நினைவக முகவரி) வழியாக நான் எழுத மாட்டேன்" என்பதுதான் கான்ஸ்ட் தரும் வாக்கு. அதே இடத்தை வேறொரு பாயிண்டர் வழியாக யாரும் மாற்றலாம் என்பதால் கம்பைலருக்கு அதில் பெரிய லாபம் இல்லை. லாபம் படிக்கிறவருக்கு. ஃபங்ஷனின் முதல் வரியைப் பார்த்தாலே நம் பஃபரில் அது கை வைக்காது என்று தெரிகிறது. காஸ்ட் போடுகிறவர் தெரிந்தே போடுகிறார். கான்ஸ்ட் பிடிப்பது தெரியாமல் எழுதுகிறவரை. எல்லா இடத்திலும் போட வேண்டிவரும் என்பதெல்லாம் சோம்பல். அடிமட்ட ஃபங்ஷன்களிலிருந்து தொடங்கினால் தொல்லை இல்லை.

கான்ஸ்ட் விஷயம் அவ்வளவுதான். உங்கள் கடைசி வரிதான் சுருக்கென்று தைத்தது. கொஞ்ச காலமாகவே வாலடைல் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரச்சினை வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எண்ணிப் பார்த்தீர்களா? நீங்கள் எழுதிய ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் உண்மையிலேயே நடக்கும், வாலடைல் அணுகல்கள் தமக்குள் வரிசை மாறாது. வாலடைல் தருவது இவ்வளவே. கவுண்டரை ஒன்று கூட்டுவது மூன்று வேலை: படி, கூட்டு, எழுது. ஒரு த்ரெட் 41 என்று படிக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் இன்னொன்றும் 41 என்று படிக்கிறது. இரண்டும் 42 என்று எழுதுகின்றன. ஒரு எண்ணிக்கை காணாமல் போகிறது, யாரும் அலறுவதில்லை.

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். தங்கமான மனிதர். ஹார்டுவேர் மாற்றும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் மாறும்வரை சுற்றும் லூப் ஒன்றை எழுதியிருந்தார். கம்பைலரின் ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் அது அப்படியே தொங்கிவிட்டது. கம்பைலர் ஒரே ஒரு முறை படித்துவிட்டு, அந்த மதிப்பையே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. வாலடைல் போட்டார், சரியானது. அங்கே அது தேவைதான். அன்றிலிருந்து எது சந்தேகமாக இருந்தாலும் வாலடைல் போட ஆரம்பித்துவிட்டார், சர்வரோக நிவாரணி மாதிரி.

அப்புறம் ஒருநாள், 8-பிட் சிப்பில் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் ஹார்டுவேர் அழைப்பு) ஏற்றும் 16-பிட் கவுண்டர் எப்போதாவது 511 என்று காட்டியது. மதிப்பு 255 ஆக இருக்கும்போது கீழ் பைட் படிக்கப்படுகிறது: 255. அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்து கவுண்டரை 256 ஆக்குகிறது. இப்போது மேல் பைட்: 1. இரண்டையும் சேர்த்தால் 511. அந்த நேரத்தில் கவுண்டர் தொடாத எண். வாலடைல் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது! படிக்கும் நேரத்துக்கு இன்டரப்டை நிறுத்திய பிறகுதான் அடங்கியது.

என் கட்சி இதுதான்: வாலடைல் மாறியின் குணமே அல்ல, அணுகலின் குணம். டைப்பில் ஒட்டிவைத்தால் எந்த வரியில் அது தேவைப்படுகிறது என்பது மறைந்துபோகிறது. மாறி என்னவோ பாதுகாப்பாக இருப்பதுபோல ஒரு மயக்கமும் வருகிறது. லினக்ஸ் கெர்னல்காரர்கள் டேட்டா ஸ்ட்ரக்சர்களில் வாலடைல் போடாதே என்று ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தேவைப்படும் வரியில் மட்டும் ரீட்-ஒன்ஸ், ரைட்-ஒன்ஸ் மேக்ரோக்கள். ரஸ்ட் மொழியில் அது குவாலிஃபயராகவே இல்லை, படிக்க ஒன்று எழுத ஒன்று என ஃபங்ஷன்கள்தான். சி++ 20 வந்தபோது வாலடைல் மாறி மீது ++ போடுவதே கைவிட வேண்டிய வழக்கம் என்று ஆகிவிட்டது. நீங்கள் செய்வது அதையேதான்.

சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சியே 1988-ல், நோஏலியஸ் என்ற குவாலிஃபயரைத் தூக்கச் சொல்லி ஸ்டாண்டர்டு கமிட்டிக்கு எழுதியபோது, வாலடைலையும் ஒரு தட்டு தட்டினார்: அரிதான வேலைகளுக்கான அலங்காரம், வேறு வழியில் நன்றாகச் சொல்லலாம் என்ற பொருளில். நோஏலியஸ் போய்விட்டது, வாலடைல் தங்கிவிட்டது. கான்ஸ்டைப் பற்றி அவர் கொஞ்சம் இரக்கமாகத்தான் சொன்னார், உங்கள் சீனியரிடம் வேண்டுமானால் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அந்தக் கவுண்டரை மட்டும் தனியாக எடுத்து, பல கோர் உள்ள கணினியில் இரண்டு த்ரெட்களிலும் பத்து லட்சம் தடவை ஏற்ற விடுங்கள். கடைசியில் என்ன எண் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். பிறகு படி, கூட்டு, எழுது மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாகச் செய்யும், சி11 தரும் அட்டாமிக்கை வாலடைலின் இடத்தில் போட்டு, மறுபடி ஓட்டுங்கள்.