ஜெர்மனியில் கருத்தரிப்பு: எந்த நாளிலிருந்து எண்ணுவது? (கேள்வி பதில்)

கேள்வி: மேடம், சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்காக எனக்கு 11 முட்டை எடுத்தார்கள். மறுநாள் போனில், "7 ஃபோர்கெர்ன், அதில் 4-ஐ உறைய வைத்துவிட்டோம்" என்றார்கள். ஊரில் என் தங்கைக்கு ஐந்தாம் நாள் வரை வளர்த்துத்தான் உறைய வைத்தார்கள். இங்கே ஏன் இவ்வளவு அவசரம்?

பதில்: அவசரப்படுத்துவது சட்டம். 1991 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கருப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு சுற்றில் மூன்று கருவுக்கு மேல் கருப்பையில் வைக்கக் கூடாது. அந்தச் சுற்றில் வைக்கப்போகும் எண்ணிக்கைக்கு மேல் முட்டைகளைக் கருவுறச் செய்யவும் கூடாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது 'கரு' ஆவது, தாயின் உட்கருவும் தந்தையின் உட்கருவும் ஒன்றாகக் கலந்த பிறகுதான். அதற்கு முந்தைய கட்டம்தான் ஃபோர்கெர்ன். அந்த இடைவெளிக்குள் உறைய வைத்தால் சட்டச் சிக்கல் இல்லை.

விந்தணுவைச் சேர்த்து 16 முதல் 18 மணி நேரத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முட்டைக்குள் இன்னும் கலக்காத அந்த இரண்டு உட்கருக்களும் இரண்டு வட்டங்களாக ஒட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகு சிதறியது போலப் புள்ளிகள். முட்டையின் ஓரத்தில் இரண்டு சிறு துருவ உடல்கள் (முட்டை வெளியே தள்ளும் சிறு துண்டுகள்). இதுதான் சரியான கருவுறுதல். மூன்று வட்டம் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு விந்தணு நுழைந்திருக்கும், அதை ஒதுக்கிவிடுவார்கள். பார்க்க நேரமானால் வட்டங்கள் கரைந்துவிடும். பிறகு அது இரண்டா மூன்றா என்று யாராலும் சொல்ல முடியாது, சட்டப்படியும் கரு ஆகிவிடும். லேப்காரர்கள் விடிந்ததும் ஓடி வருவது இதற்குத்தான்.

இதில் ஒரு குறை உண்டு. இந்தக் கட்டத்தில் நல்லது எது, நின்றுபோவது எது என்று பிரித்தறிய வழியில்லை. அது தெரிவது மூன்றாம் நாள் (சுமார் 8 செல்) முதல் ஐந்தாம் நாள் (பிளாஸ்டோசிஸ்ட், அதாவது உள்ளே குழிவுள்ள செல் பந்து) வரையில். ஆகவே உறையில் இருக்கும் 4-ஐ நான்கு கரு என்று எண்ணாதீர்கள்; உருக்கி வளர்க்கும்போது பாதியில் நிற்பவையும் இருக்கும். பல மையங்கள் உங்கள் வயதையும் பழைய சுற்றுகளையும் வைத்து, எத்தனை வளர்த்தால் ஒன்றிரண்டு தேறும் என்று கணக்கிட்டு மூன்றுக்கு மேலும் வளர்க்கின்றன. இதை 'நடுவழி' என்பார்கள். உங்கள் மையம் எப்படிச் செய்கிறது என்பதை ஊசி தொடங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: அக்கா, முட்டை தானம் இங்கே கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. விந்து தானத்துக்கு அனுமதி உண்டு, முட்டை தானத்துக்கும் வாடகைத் தாய்க்கும் இல்லை. பலர் ஸ்பெயினுக்கும் செக் குடியரசுக்கும் போகிறார்கள். குழந்தையைப் பெற்றெடுப்பவரே சட்டப்படி தாய். எனவே முட்டை தானத்தில் பிறந்தாலும் சுமந்தவர்தான் அம்மா. விந்து தானத்துக்கு 2018 ஜூலை முதல் மத்தியப் பதிவேடு உண்டு. விவரங்களை 110 ஆண்டுகள் வைத்திருப்பார்கள், பிள்ளை பின்னாளில் கேட்டு அறியலாம்.

கேள்வி: க்ராங்கன்காஸ (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு தரும்?

பதில்: பொதுக் காப்பீட்டில் சட்டப்படி மூன்று முயற்சிகளுக்குச் செலவில் 50 சதவீதம். இருவரும் மணமானவர்களாக இருக்க வேண்டும், சொந்த முட்டையும் சொந்த விந்தும்தான். இருவருக்கும் 25 நிரம்பியிருக்க வேண்டும். பெண்ணுக்கு 40-வது, ஆணுக்கு 50-வது பிறந்தநாளுக்கு முன் வரை. சில காஸக்கள் கூடுதலாகத் தரும், சில மாநிலங்களும் உதவும். உறைய வைப்பதும் பாதுகாப்பதும் பொதுவாக உங்கள் கைக்காசு. பலரும் சறுக்குவது சிகிச்சைத் திட்டத்தில்: காஸ ஒப்புதல் தரும் முன்பே மருந்தைத் தொடங்கிவிட்டால் பணம் வராது.

கேள்வி: மார்ச் 10-ல் ஐந்தாம் நாள் கரு வைத்தார்கள். பிரசவத் தேதி எப்படிப் போடுவது? இன்னொன்று, கருக்கலைப்புக்கு இங்கே '12 வாரம்' என்கிறார்களே, எந்த வாரம்?

பதில்: கரு வைத்த நாளோடு 261 நாள் கூட்டுங்கள்: நவம்பர் 26. டாக்டர் ஏட்டில் மாதவிடாய்க் கணக்கு இருக்கும். அதற்கு 19 நாள் பின்னால் போய் பிப்ரவரி 19 என்று எழுதுவார். உண்மையில் அன்று கரு என்று ஒன்றே இல்லை! அதனால்தான் 'ஆறு வாரக் கர்ப்பம்' என்றால் கருவின் வயது நாலு வாரம்.

அந்த 12 வாரம் கருத்தரித்த நாளிலிருந்து. ஸ்கேன் தாளில் மாதவிடாய்க் கணக்கில் எழுதியிருந்தால் அது 14 வாரம் வரை. தாளில் '13' பார்த்து நேரம் தாண்டிவிட்டது என்று மனமுடைந்தவர்கள் உண்டு. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஆலோசனைக்கும் கலைப்புக்கும் இடையே குறைந்தது மூன்று முழு நாள் விட வேண்டும். கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஜெர்மனியில் பிறப்பு விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை) 1.58-லிருந்து 1.35-க்கு விழுந்ததாமே. நம்பலாமா?

பதில்: 2021-ல் 1.58, 2023-ல் 1.35 என்றே வெளியானது. அது 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதுக்கும் அந்த ஆண்டின் பிறப்பைப் பெண்கள் தொகையால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டியது. எல்லா வயதையும் ஒரே ஆண்டில் வாழ்ந்து முடிக்கும் கற்பனைப் பெண் ஒருத்தியின் கணக்கு. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போட்டாலே எண் சரியும். பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கு ஜெர்மனியில் 1994-ல் 0.77 வரை இறங்கியது. அங்கே ஒரு தலைமுறையே முக்கால் பிள்ளையோடு நின்றுவிடவில்லை. நாடு முழுவதும் 1968-ல் பிறந்த பெண்கள் உண்மையில் பெற்று முடித்த பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 1.49.

வகுக்கும் எண்ணும் தொல்லை தரும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நினைத்ததைவிடச் சுமார் 14 லட்சம் பேர் குறைவு என்று தெரியவந்தது. வகுக்கும் எண் சுருங்கினால் ஒரு பிள்ளைகூடக் கூடாமலே விகிதம் ஏறும். அதனால் நான் முதலில் பார்ப்பது பிறப்பு எண்ணிக்கையைத்தான்: 2021-ல் 7,95,492; 2023-ல் 6,92,989. இந்தச் சரிவுக்கு வகுத்தலே தேவையில்லை.