மடிக்கிற போனும் 24 மாதத் தவணையும்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 36 வயது. திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். வாடகை 11,000, வண்டித் தவணை 3,400 (இன்னும் 5 மாதம்), ஊரில் அப்பா அம்மாவுக்கு 6,000, மகளின் பள்ளிச் செலவு தனி. மாதம் 5,000 வீதம் 40 மாதம் கட்டும் 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் 17 மாதம் கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. மகளை ஆறாம் வகுப்பில் நல்ல பள்ளியில் சேர்க்கத்தான் அந்தச் சீட்டைப் போட்டோம். சேமிப்பில் 40,000 இருக்கிறது. பையர் அனுப்பும் மெயில், எக்செல், டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவ விவரம்) எல்லாம் போனில்தான் பார்க்கிறேன், கண் வலிக்கிறது. 1,74,999 ரூபாய்க்கு மடிக்கிற போன் வாங்க ஆசை. கடையில் 24 மாதம் நோ காஸ்ட் இஎம்ஐ என்கிறார்கள். என் கிரெடிட் கார்டு லிமிட் 2 லட்சம். அல்லது சீட்டை எடுத்து மொத்தமாகக் கட்டிவிடலாமா? மனைவி, ‘இருக்கிற போனே கையில அடங்கல, இதுல விரிக்கிற போன் வேறயா’ என்கிறார். மச்சானோ, ‘வாங்குங்க மாப்ள, இனிமே எல்லாம் இதுதான்’ என்கிறார்.

பதில்: முதலில் உங்கள் மச்சான் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். ‘இனிமே எல்லாம் இதுதான்’ என்று 2019-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சாம்சங்கின் முதல் கேலக்ஸி ஃபோல்ட் இந்தியாவுக்கு வந்தபோது விலை 1,64,999 ரூபாய், எடை 276 கிராம். 2025 ஜூலையில் வந்த இசட் ஃபோல்ட் 7-இன் எடை 215 கிராம். அதாவது அந்தக் கம்பெனி அதே ஆண்டு இறக்கிய மடிக்காத பெரிய போனான எஸ்25 அல்ட்ராவைவிட 3 கிராம் குறைவு. தடிமனும் வெகுவாக இறங்கிவிட்டது. வந்தபோது விலை? 1,74,999. ஆறு வருடத்தில் டிவி விலை எங்கிருந்து எங்கே இறங்கியது என்று உங்களுக்கே தெரியும். இது மட்டும் பத்தாயிரம் ஏறி நிற்கிறது. இரண்டு திரை, நடுவில் கீல், அதற்குள் பொடிப் பொடியான உதிரிகள். விற்பனையோ உலகம் முழுக்க விற்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. கொஞ்சமாக விற்கும் பொருள் மலிவாகாது.

மனைவி சொல்வதும் முழு உண்மை இல்லை. சின்ன போன் வேண்டும் என்று வாயால் சொல்கிறவர்கள் ஏராளம், வாங்குகிறவர்கள் கொஞ்சம். ஆப்பிள் 2020-ல் 5.4 அங்குலத்தில் ஐஃபோன் 12 மினியைக் கொண்டு வந்தது, 2021-ல் 13 மினி. 2022-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டு, அதே இடத்தில் 6.7 அங்குல பிளஸ்ஸை வைத்தது. 2011-ல் 5.3 அங்குலத்தில் கேலக்ஸி நோட் வந்தபோது, ‘காதில் என்ன பலகையை வைத்திருக்கிறாய்’ என்று கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். இன்று என் மேஜையில் இருப்பது 6.7 அங்குலம். நாற்பதைத் தாண்டினால் கண்ணே நமக்காக முடிவெடுத்துவிடும்.

ஆகவே பெரிய திரை வேண்டும் என்கிற உங்கள் தேவை வீண் ஆசை இல்லை. அந்தத் தேவைக்கு இந்தப் பொருள்தானா, இந்த விலைதானா, இந்தக் கடன்தானா என்பதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மடிப்பு போனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று புத்தகம் போல விரிவது, நீங்கள் கேட்பது அது. இன்னொன்று பவுடர் டப்பா போல மேலும் கீழுமாக மடிவது. அந்த இரண்டாவது வகை 50,000 ரூபாய் அளவிலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் விரித்தால் அது சாதாரண போன், மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும், அவ்வளவுதான். எக்செல் பார்க்கிற உங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘விலை குறைவாக இருக்கிறதே, இதுவும் மடிகிறதே’ என்று கடைக்காரர் அதன் பக்கம் திருப்பினால் திரும்பாதீர்கள்.

புத்தக வகையில் உள்ளே 8 அங்குலம், கிட்டத்தட்ட சதுரம். படம் பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ஐந்தில் மூன்று பங்கு இடத்தில்தான் படம் ஓடும். சைஸ் சார்ட், பிடிஎஃப், பக்கத்துப் பக்கத்தில் மெயிலும் எக்செலும் என்றால் கதை வேறு, அங்கே அது உண்மையிலேயே உதவும். இதை நான் மறைக்கவில்லை.

சரி, இப்போது ‘நோ காஸ்ட்’டுக்கு வருவோம். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி உங்களிடம் வட்டி வாங்குகிறது, அதே அளவு தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கழித்துக்கொடுக்கிறது. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது உங்கள் தலையில். கார்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 1,75,000 ரூபாயை 24 மாதத்தில் கட்டினால் மாதம் 7,292. அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 26,000. அதன் மேல் ஜிஎஸ்டி ஏறக்குறைய 4,700. பிராசசிங் கட்டணம் தனி. பில்லில் இது ஒரே வரியாக வராது, மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டில் 200, 300 என்று சொட்டும். யாரும் கவனிப்பதில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: ‘முழுப் பணமும் இப்போதே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?’ அங்கே ஒரு தொகை சொன்னால், அதையும் இந்தத் தவணையின் செலவில் சேர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், 2 லட்சம் லிமிட்டில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். மாதாமாதம் கட்டக் கட்டத்தான் விடுபடும். முதல் ஆறேழு மாதத்தில் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் கார்டு கைகொடுக்காது, சேமிப்பிலோ 40,000-தான். லிமிட்டில் பெரும்பகுதியைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். ஒரு மாதம் தவறினால் கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்ற கணக்கில் ஓடும், வருடத்துக்கு நாற்பதுக்கு மேல்.

கடன் தவணை வாரண்டியைவிட நீளமாக இருக்கக் கூடாது. நகைக்கோ வீட்டுக்கோ இந்த விதியைச் சொல்ல மாட்டேன், உடையக்கூடிய பொருளுக்குச் சொல்வேன். போனுக்கு வாரண்டி 12 மாதம், உங்கள் தவணை 24 மாதம். மீதி ஒரு வருடம் திரை போனால் நீங்கள்தான். உள்திரை என்பது மெல்லிய கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தை நாமாக உரிக்கக் கூடாது. என்னிடம் கணக்குப் பார்க்க வரும் ஈரோட்டு நண்பர் ஒருவர் இதே வகை போன் வைத்திருந்தார். பதினான்காவது மாதம், மடிப்புக் கோட்டின் மேல் நகக்கண் அளவுக்கு ஒரு குமிழ். தினமும் கட்டை விரலால் அதை அழுத்தி அழுத்தி விடுவார். இரண்டு மாதத்தில் அந்தக் குமிழ் திரையின் குறுக்கே வளர்ந்து, ஒரு நாள் பாதித் திரை கறுத்துப்போனது. சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையில் ஒரு நல்ல சாதாரண போனே வாங்கிவிடலாம். அவருக்கு அப்போது இன்னும் எட்டுத் தவணை பாக்கி. கெட்டுப்போன பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற எரிச்சல் இருக்கிறதே, அதை வட்டிக் கணக்கில் சேர்க்க முடியாது.

உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நிட்டிங் ஷெட்டுக்குள் பத்து நிமிடம் நின்றால் புருவத்தில் பஞ்சு படியும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த போனில் தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்ட ஐபி48 என்று போட்டிருப்பார்கள். 8 என்பது தண்ணீருக்கு, அதில் குறை இல்லை. 4 என்பது தூசிக்கு: ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பருமன் உள்ள பொருள்தான் உள்ளே போகாது. பஞ்சுப் பிசிறை அதை வைத்துத் தடுப்பது, ரவை சலிக்கும் சல்லடையில் மைதாவை நிறுத்தப் பார்ப்பது போல. சாதாரண உயர் ரக போன்களில் ஐபி68 இருக்கும், அந்த 6-க்குத் தூசியே புகாது என்று பொருள். மடிப்பு போனில் ஐபி68-ஐ கூகுள் 2025-ல் கொண்டு வந்தது, வந்தபோது அதன் விலையும் 1,70,000-க்கு மேல்தான். செக்கிங் டேபிளுக்கும் நிட்டிங்குக்கும் நடுவில் ஓடுகிறவர் கையில் கீல் வைத்த போன் என்றால் எனக்கே பக்கென்கிறது.

சீட்டு விஷயம். இப்போது ஏலம் கேட்டு எடுத்தால் கழிவு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) 30,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 1,70,000. போன் விலைக்கே 5,000 குறைகிறது. அந்த 30,000-தான் உங்கள் உண்மையான வட்டி, அது நோ காஸ்ட் என்ற பெயரில் கூட வரவில்லை. அதற்குப் பிறகும் 23 மாதம் சீட்டுப் பணம் கட்ட வேண்டும். பள்ளிச் சேர்க்கை வரும்போது கையில் இருப்பது ஒரு பழைய போன் மட்டும்தான்.

மூன்று வருடம் வைத்திருந்து விற்பதாகக் கணக்குப் போடுவோம். மடிப்பு போன் தவணைச் செலவோடு சுமார் 1,80,000. விற்றால் 45,000 என்று தாராளமாகவே வைக்கிறேன். மடிப்பு போன்களின் பழைய விலை வேகமாக விழும். திரையில் கோடு தெரிந்தால் பழைய போன் வாங்குகிறவர் உதட்டைப் பிதுக்குவார். மாதத்துக்கு 3,750 ரூபாய் வாடகை கொடுத்தது போல. 35,000 ரூபாய் போனை வாங்கி 8,000-க்குத் தள்ளினால் மாதம் 750. வித்தியாசம் 3,000. அதே 3,000-ஐ 6.5 சதவீத ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) மூன்று வருடம் போட்டால் 1,19,000-க்குக் கொஞ்சம் மேல் வரும். உங்கள் சீட்டுத் தொகையில் பாதிக்கு மேல்.

என் யோசனை இதுதான். கண் வலிக்கு மருந்து பத்து அங்குல டேப்லெட். 20,000 ரூபாய் அளவில் நல்லதாகவே கிடைக்கிறது. எட்டு அங்குலத்தைவிடப் பெரிது, மேஜையில் சாய்த்து வைக்கலாம், ஷெட்டுக்குள் எடுத்துப் போகத் தேவையில்லை. போன் இப்போது இருப்பதே இருக்கட்டும். வண்டித் தவணை இன்னும் 5 மாதத்தில் முடிகிறது. அந்த 3,400 விடுபட்டதும் ஆறு மாதம் சேர்த்தால் டேப்லெட் கடனில்லாமல் வந்துவிடும். அவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் டேப்லெட்டை மட்டும் 6 மாதத் தவணையில் வாங்குங்கள், லிமிட்டில் பத்தில் ஒரு பங்குதான் அடைபடும். கம்பெனி வேலைக்குத்தானே பார்க்கிறீர்கள், முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மெர்ச்சண்டைசருக்கு டேப்லெட் வாங்கித் தரும் கம்பெனிகள் திருப்பூரில் இல்லாமல் இல்லை.

இதற்கிடையில் ஒரு சின்ன வேலை. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளை எறியாமல் வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தில், போன் திரை சிறிது என்று நீங்கள் உண்மையிலேயே சிரமப்பட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு வாரம் போதும். அந்த நேரத்தில் மேஜை முன்னால் இருந்தீர்களா, ஷெட்டில் இருந்தீர்களா, பஸ்ஸில் இருந்தீர்களா என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் மேஜை என்று வந்தால் டேப்லெட். பஸ்ஸும் பையர் மீட்டிங்கும் என்று வந்தால் மடிப்பு போனைப் பற்றி மறுபடி பேசலாம். அப்போதும் புது மாடல் வேண்டாம். சாம்சங் கடந்த சில வருடங்களாக ஜூலையில்தான் புதுசை இறக்குகிறது. அதன் பிறகு முந்தைய வருட மாடல் விலை இறங்கும், தீபாவளி விற்பனையில் இன்னும் இறங்கும். பாதித் தொகை கையில் இருக்க வேண்டும், மீதி 12 தவணைக்குள் முடிய வேண்டும். உள்திரை மாற்ற எவ்வளவு என்பதை வாங்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காப்புத் திட்டம் எடுத்தால் அதில் தவறிக் கீழே போட்டது சேருமா, எத்தனை தடவை, நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கேளுங்கள். கடையில் டெமோ போனை வெறுமனே திறந்து மூடிப் பார்க்காமல், உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சைஸ் சார்ட்டைத் திறந்து அதில் வாசித்துப் பாருங்கள்.

சீட்டை இப்போது எடுக்காதீர்கள். ஆறாம் வகுப்புச் சேர்க்கை எந்த மாதம் என்று எழுதினால், எத்தனையாவது சீட்டில் ஏலம் கேட்பது லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.