துரைசாணி வரும் மாதங்கள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நண்பர்கள் மூன்று பேர் ஏற்காடு போயிருந்தோம். வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்றை இப்போது தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். பேய் பங்களா என்று பேர். அதற்காகவே அங்கே அறை எடுத்தோம். சரியான மழை, குளிர். வாட்ச்மேன் அண்ணன் ஒரு இரும்புச் சட்டியில் கரியைக் கனலவைத்து அறைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். ரொம்ப நேரம் மேலே யாரோ நடக்கிற சத்தம். மூன்று மணி வாக்கில் எனக்கு விழிப்பு வந்தது. கைகாலை அசைக்க முடியவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. கால்மாட்டில் வெள்ளையாக ஒரு உருவம். பக்கத்தில் படுத்திருந்தவன் வாந்தி எடுக்க எழுந்து கதவைத் திறந்தான், அப்புறம்தான் விட்டது. காலையில் மூவருக்கும் மண்டையைப் பிளக்கும் தலைவலி. வாட்ச்மேன் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "துரைசாணியம்மா தாங்க. மழையிலயும் மார்கழியிலயும்தான் வருவாங்க. சித்திரை வைகாசியில வந்ததே இல்லைங்க."

பேயை நம்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு என்ன சொல்வீர்கள்? மறுபடி போகலாமா?

எஸ்.,
அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள எஸ்.,

பேயை அப்புறம் பார்ப்போம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன கரிச்சட்டிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மூவரும் உயிரோடு மலை இறங்கினீர்களே, அதுவே பெரிது.

கரி நன்றாகச் சிவந்த பிறகு புகை வராது. புகை இல்லையே என்ற தைரியத்தில்தான் உள்ளே கொண்டுவந்து வைக்கிறார்கள். அதிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், புத்தித் தடுமாற்றம், கைகால் ஓய்ந்துபோவது. ஜன்னலைச் சாத்திய அறையில் அதற்குமேலும் தூங்கினால் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் இப்படிச் செத்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். உங்கள் நண்பர் வாந்தி எடுக்க எழுந்ததுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கதவு திறந்ததும் துரைசாணி போய்விட்டார் பாருங்கள்.

இது புதிய கதையும் அல்ல. வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1921இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பழைய வீடொன்றில் குடியேறியதிலிருந்து காலடிச் சத்தம், ஆள் நடமாட்டம், குழந்தைகளுக்குச் சோர்வு, எல்லாருக்கும் தலைவலி. தொட்டிச் செடிகள்கூட வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, வெளியே போகவேண்டிய வாயு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் பேய்கள் காலி.

எல்லாவற்றையும் கரியின் தலையில் கட்டவும் மாட்டேன். நெஞ்சில் ஏறி உட்கார்வதை நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்பார்கள். மூளை விழித்த பிறகும் உடம்பு தூக்கத்தைவிட்டு வெளிவராமல் இருக்கிற அந்த ஓரிரு நிமிடம், கனவு பாதி கண்ணுக்குள்ளேயே நிற்கும். கரி இல்லாமலும் அது வரும். ஆனால் மூன்று பேருக்கும் ஒன்றாகத் தலைவலி தர அமுக்குவானால் முடியாது.

மேலே நடந்தது யார் என்று கேட்டால், எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஏற்காட்டில் இதே மாதிரி ஒரு பங்களாவில், காப்பிப் பழம் சிவந்திருந்த ஒரு தை மாதம் தங்கினேன். தலைக்கு மேலே பலகைத் தட்டி. இரவு முழுக்க அதன்மேல் நாலு எட்டு நடை, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு எட்டு. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன், பேயை நம்பாத நான். காலையில் திண்ணைச் சுவரோரம் எச்சம் கிடந்தது. முழுக்க முழுக்கக் காப்பிக்கொட்டை, ஒன்றோடொன்று ஒட்டி, கடலை மிட்டாய் மாதிரி. மரநாய்! பழச்சதை மட்டும் அதற்குச் செரிக்கும், கொட்டை அப்படியே வந்துவிடும்.

(ஒரு சின்ன ஆதங்கம். மலை பங்களாக்களில் பேயாக வருவது எப்போதும் துரைசாணிதான். அங்கேயே உழைத்துச் செத்த சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர் யாருக்கும் அறை ஒதுக்குவதில்லை.)

நான் தங்கிய அறையில் இன்னொன்றும் கவனித்தேன். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த மலை இது. பிறகு வந்த துரைமார் குளிருக்குப் பயந்தவர்கள். அறைக்குள்ளேயே கணப்படுப்பு கட்டி, புகைபோக்கியைக் கூரைக்கு மேலே கொண்டுபோயிருந்தார்கள். விடுதிக்காரர்கள் அதன் வாயைப் பிளைவுட் வைத்து அடைத்து, மேலே டிவி மாட்டியிருந்தார்கள். நெருப்பை வைக்க இடம் இருந்தது, காற்று போக வழி இருந்தது. இரண்டையும் மூடிவிட்டால் சட்டி நடு அறைக்கு வந்துவிடுகிறது. உங்கள் அறையிலும் அப்படி ஒரு பலகை இருந்ததா?

வாட்ச்மேன் சொன்ன கணக்கு மிகச் சரி. சித்திரை வைகாசியில் யாரும் கரி கேட்பதில்லை.

தாராளமாகப் போங்கள். சட்டி வேண்டாம், இரண்டு கம்பளி அதிகம் கேளுங்கள். மூவரில் யாருக்காவது மறதியோ மந்தமோ இன்னும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள், கரி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், வாட்ச்மேன் அண்ணனின் நம்பர் உங்களிடம் இருக்கும். இந்தப் பதிலைப் படித்ததும் முதலில் அவரைக் கூப்பிடுங்கள். மேலே இன்றைக்கும் மழையாம்.