எம்.எஸ்.ஏ பிளேனும் ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்திருந்த துரையும்

வாசகர் கடிதம்:

அன்புத் தம்பிக்கு,

ஈப்போ பஸ் ஸ்டேஷன் பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். அதுல ஈப்போ ஏர்போர்ட் பத்தியும் ஒரு வரி வந்துச்சு, அதான் எழுதணும்னு தோணுச்சு. நான் டெலிகாம்ஸ்ல டெக்னீஷியனா இருந்து பென்ஷன் வாங்குனவன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துல பொறந்து வளந்தவன், அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுனவங்க. 1971ல எனக்கு சரவாக்ல இருக்குற கூச்சிங்குக்கு டிரான்ஸ்ஃபர் வந்துச்சு. டிக்கெட்டெல்லாம் டிப்பார்ட்மெண்ட்லயே குடுத்தாங்க. ஈப்போவுல எம்.எஸ்.ஏ (மலேசியா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) பிளேன் ஏறி கோலாலம்பூர், அங்கேருந்து சிங்கப்பூர் பாயா லேபார் ஏர்போர்ட், அப்பறம் வேற பிளேன் மாறி கூச்சிங். வாழ்க்கையில மொதமொதல்ல பிளேன் ஏறுனது அன்னைக்குத்தான்.

ஈப்போவுல ஏறுனா, எனக்கு ரெண்டு சீட்டு தள்ளி எங்க பக்கத்து தோட்டத்து துரை, அதான் மேனேஜர், உக்காந்திருக்காரு. கெபாயாங்கற மலாய் உடுப்பு போட்ட பிளேன் பொண்ணு அவருக்கு குடுத்த அதே ஆரஞ்சு ஜூஸ, அதே மிட்டாய, எனக்கும் குனிஞ்சு சார்னு சொல்லி குடுத்துச்சு. இன்னிக்கும் மறக்கல.

இத பேரன்கிட்ட சொன்னா, மலேசியாவும் சிங்கப்பூரும் சேந்து ஒரே ஏர்லைன் நடத்துனாங்களா, தாத்தா கத வுடுறாருங்கறான். இப்ப மலிவு டிக்கெட்டுல திருச்சிக்கு போனா குடிக்கிற தண்ணிக்கும் காசு கேக்குறாங்க. அந்த சர்வீஸ் இனிமே வருமா தம்பி? அந்த கம்பெனி ஏன் இல்லாம போச்சு? கொஞ்சம் வெவரமா எழுதுங்க, பேரன்கிட்ட காட்டணும்.

– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்:

அண்ணே வணக்கம்.

மொதல்ல பேரனுக்கு. தம்பி, தாத்தா கத வுடல. இந்த ஏர்லைனோட மொத பேரு மலாயன் ஏர்வேஸ். 1937லயே கம்பெனிய பதிஞ்சிட்டாங்க, ஆனா நெசமா பயணிங்கள ஏத்திக்கிட்டு பறந்தது ரெண்டாம் ஒலகச் சண்ட முடிஞ்சப்பறம் 1947 மே மாசத்துலதான், ஏர்ஸ்பீட் கான்சல்னு ரெண்டு எஞ்சின் வச்ச ஒரு குட்டி பிளேன், அஞ்சு பேருதான் உக்கார முடியும். ரூட்டு என்னன்னா சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. ஆமா, ஈப்போ அந்த மொத ரூட்டுலயே இருந்துச்சு. ஏன் ஈப்போன்னு கேட்டா, ஈயலம்பமும் (ஈயச் சுரங்கம்) ரப்பரும்தான், காசு இருந்த எடம், காசு வச்சிருந்த வெள்ளக்காரன் இருந்த எடம். அடுத்த வருஷமே, 1948 ஜூன்ல, நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துலதான் மூணு தோட்டத்து வெள்ளக்காரங்கள சுட்டாங்க, நாடு முழுக்க அவசரகாலம் வந்துச்சு. ரோட்டுல போக பயப்படுற காலத்துல மேல பறக்க வசதி இருந்தவன் பறந்திருப்பான், நம்மாளு மாட்டுவண்டியிலயும் லோரியிலயும்தான் போனான்.

1963ல மலேசியா ஆனப்ப பேரு மலேசியன் ஏர்வேஸ் ஆச்சு, 1965ல போர்னியோ ஏர்வேஸ அதுல சேத்தாங்க, அதே வருஷம் சிங்கப்பூர் தனியா போச்சு. நாடு பிரிஞ்சும் ஏர்லைன் பிரியல, அதுதான் ஆச்சரியம். ரெண்டு அரசாங்கமும் கூட்டா பங்கு வச்சிக்கிட்டு மலேசியா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னு பேரு வச்சாங்க, அதுதான் நீங்க ஏறுன எம்.எஸ்.ஏ. அந்த கெபாயா சொன்னீங்களே, அது பியேர் பால்மேங்னு பாரிஸ் டிசைனர் 1968ல எம்.எஸ்.ஏவுக்காக தச்சு குடுத்த டிசைன். பிரிஞ்சப்பறம் அத சிங்கப்பூர்காரங்க எடுத்துக்கிட்டாங்க, இன்னிக்கு ஒலகம் பூரா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா அந்த கெபாயாதான் ஞாபகம் வருது.

ஏன் பிரிஞ்சுதுன்னு கேட்டீங்க. சண்டன்னு பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டு பேருக்கும் வேணுங்கறது வேற வேற. சிங்கப்பூருக்கு உள்நாட்டு ரூட்டே கெடையாது, அந்த தீவுக்குள்ள எங்கேருந்து எங்க பறக்கறது, அதனால வெளிநாடு வெளிநாடுன்னு நின்னாங்க. நமக்கு கோத்தா பாரு, சண்டாக்கான், சிபு, மீரின்னு உள்ளூர இணைக்கிற வேல இருந்துச்சு, அதுல லாபம் கம்மி. 1971லயே பிரிக்கறதுன்னு முடிவாயிருச்சு, நீங்க கூச்சிங் போன அதே வருஷம். 1972 அக்டோபர் 1லேருந்து இந்தப்பக்கம் மலேசியாவோட ஏர்லைன் மாஸ், அந்தப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதான் எஸ்.ஐ.ஏ. போயிங் 707, 737 எல்லாமே அவங்களுக்கு, மொத்தம் பத்து, சிங்கப்பூர்ல இருந்த ஹெட் ஆபீசும் அவங்களுக்கு. நமக்கு காத்தாடி வச்ச ஃபோக்கர் பிளேனும், சபா சரவாக் உள்ளூர்ல எறங்குற சின்ன ஐலேண்டர் பிளேனும், உள்நாட்டு ரூட்டும். நம்ம பக்கம் பெரிய தோட்டத்த துண்டு போட்டு வித்தாங்களே, ரோட்டோர பாலு நல்லா வர்ற மரமெல்லாம் ஒரு பக்கமும் மேட்டுல இருக்குற கெழட்டு மரமெல்லாம் இன்னொரு பக்கமும் போகுமே, அப்பிடித்தான் எனக்கு பட்டுச்சு. ஆனா அதுல முழுசா நியாயம் இல்லாம இல்ல, உள்ளூர் ரூட்டு வேணும்னு கேட்டது நம்மதான், அதுக்கு ஏத்த பிளேனதான் வாங்கிக்கிட்டோம்.

இதுல ஒரு சின்ன கூத்து. சிங்கப்பூர்காரங்களுக்கு எம்.எஸ்.ஏங்கற மூணு எழுத்த வுட மனசு வரல, ஊரு ஒலகமெல்லாம் பேரு தெரிஞ்சுபோச்சு பாருங்க. அதுக்காகவே மெர்குரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னு ஒரு பேரு யோசிச்சாங்க. நம்ம பக்கம் ஒத்துக்கல, அப்பறம்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆச்சு. அதுக்கு மொத சேர்மனா 1972லேருந்து 1996 வரைக்கும் இருந்தவரு ஜே.ஒய்.பிள்ளை, அவரு பொறந்த ஊரு நம்ம கிள்ளான். இத பேரன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, கிள்ளான்ல பொறந்த ஒரு பிள்ளைதான் அந்த கம்பெனிய ஒலகத்துக்கு தூக்கிட்டு போனாருன்னு. நம்ம ஸ்கூல்ல இத யாரும் சொல்லிக் குடுக்கல.

சரி, சர்வீஸ் விஷயத்துக்கு வரேன். இதுல உங்களோட எனக்கு கொஞ்சம் ஒத்துப்போகல அண்ணே, கோவிச்சுக்காதீங்க.

நீங்க ஜூஸ் நல்லா இருந்துச்சுன்னு எழுதல. சீட்டு அகலமா இருந்துச்சுன்னு எழுதல. துரைக்கு குடுத்தத எனக்கும் குடுத்தாங்கன்னு எழுதிருக்கீங்க. அதுதான் இந்த அம்பது வருஷமா உங்க மனசுல நிக்குது. எங்க தோட்டத்துல துரை பங்களா ரோட்டுல போனா சைக்கிள வுட்டு எறங்கி தள்ளிக்கிட்டுதான் போகணும், உங்க தோட்டத்துலயும் அப்பிடித்தான் இருந்திருக்கும். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் சம்பளம் வாங்கணும், கிராணி (ஆபீஸ் கிளார்க்கு) தல நிமிந்து பாக்கற வரைக்கும் பேசக்கூடாது. எங்கப்பா ஸ்டோர்ல ரப்பர் ஷீட்ட பொகயில காய வைக்கிற பொகக்கூண்டு வேல பாத்தவரு, கடசிவரைக்கும் துரை பேரு என்னன்னு அவருக்கு தெரியாது, பெரிய துரை சின்ன துரை அவ்வளவுதான். அப்பிடி வளந்த ஒரு பையன் டை கட்டிக்கிட்டு அதே துரைக்கு சமமா உக்காந்து, ஒருத்தங்க சார்னு கூப்புட்டு தட்ட நீட்டுனா அது எப்பிடி மறக்கும்? எம்.எஸ்.ஏ காரன் அதுக்காக ஒண்ணும் ஸ்பெஷலா செய்யல, டிக்கெட் வச்சிருந்தவனுக்கெல்லாம் குடுத்தத உங்களுக்கும் குடுத்தான். தோட்டத்துலதான் அத யாரும் குடுக்கல.

ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்த துரை உங்கள பாத்தாரா? பேசினாரா? கடிதத்துல அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல.

எனக்கு எம்.எஸ்.ஏல ஏற குடுத்து வைக்கல. வழியனுப்பத்தான் போனேன். எங்க தோட்டத்து அக்கா ஒருத்தங்க இங்கிலாந்துக்கு நர்ஸ் படிக்க போனாங்க, அந்த காலத்துல நம்ம புள்ளைங்க நெறையா பேரு அப்பிடி போனாங்கள்ல, ஆஸ்பத்திரியிலயே தங்க எடம் குடுத்து படிக்கறப்பவே சம்பளமும் குடுத்தாங்க. தோட்டத்து லோரியில பாதி லயம் ஈப்போவுக்கு கெளம்பிருச்சு. மால, தேங்கா, பூசணிக்கா எல்லாம். எடமில்லாம வீட்டுல தங்குன பொம்பளைங்க, பிளேன் கோயிலுக்கு மேலதான் போகும்னு யாரோ சொன்னத நம்பி தெடல்ல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. பிளேன் தெக்க கோலாலம்பூர் பக்கம் போயிருச்சு, சுங்கை சிப்புட் வடக்க இருக்கு. சாயங்காலம் நாங்க திரும்பி வந்தப்ப, பாத்தோம் பாத்தோம் கோயிலுக்கு மேலதான் போச்சுன்னு ரெண்டு கெழவி சத்தியம் பண்ணுச்சுங்க. இன்னிக்கு வரைக்கும் அதுங்க எந்த பிளேன பாத்துச்சுங்கன்னு தெரியல.

நான் அதே ஃபோக்கர்ல பின்னாடி ஏறுனேன், பேரு மாத்தி மாஸ்னு பெயிண்ட் அடிச்சப்பறம். அதனால நீங்க பாத்தத நானும் பாத்திருக்கேன்னு தைரியமா சொல்லலாம். ஃபோக்கர்ல றெக்க மேல இருக்கும், ஜன்னல் பெருசா முட்ட மாதிரி இருக்கும், அதனால கீழ பாக்கறதுக்கு எதுவும் மறைக்காது. ஈப்போவுல ஏறுனா சுண்ணாம்பு மலைங்க, லம்பத்து குட்டைங்க வெயில்ல பளபளன்னு, அப்பறம் கோடு போட்ட மாதிரி ரப்பர் மரம். கீழ நிக்கறப்ப அது காடு, கொசு, அட்ட, காலங்காத்தால ஆள் கணக்கெடுக்குற பெரட்டு. மேலேருந்து பாத்தா என்னமோ நோட்டுல ரூல் போட்டு நட்டு வச்ச மாதிரி, ஆளே இல்லாத மாதிரி. எனக்கு அது பிடிக்கல, உண்மைய சொல்றேன். துரைங்க இப்பிடித்தான் மேலேருந்து பாத்திருப்பாங்கன்னு தோணுச்சு. எறங்கறப்ப றெக்கையில இருக்குற எஞ்சின் கூட்டுலேருந்து சக்கரம் வெளிய வர்றத ஜன்னல் வழியா பாக்கலாம், அது மட்டும் ரொம்ப பிடிச்சிருந்துச்சு. அந்த ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின் போடுற கீச்சு சத்தம், காதுக்குள்ள ஊசி போட்ட மாதிரி, எறங்கி வீட்டுக்கு வந்தப்பறமும் கேட்டுக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. நீங்க எம்.எஸ்.ஏல பறந்த அதே காலத்துலதான் குடியுரிமை இல்லாம செவப்பு ஐசி (அடையாள அட்ட) வச்சிருந்தவங்களுக்கு வொர்க் பெர்மிட் வேணும்னு சட்டம் வந்து, 1969க்கு அப்பறம் தோட்டத்துலேருந்து ஏறக்குறைய 60,000 பேரு இந்தியாவுக்கு திரும்பி போனாங்க. எங்க சித்தப்பா குடும்பமும் அதுல ஒண்ணு. ரயில்ல பட்டர்வொர்த், அங்கேருந்து பினாங்கு, பினாங்குல ரஜூலா கப்பல், நாகப்பட்டணம். ரஜூலா 1926ல கட்டுன கப்பல், நம்ம தாத்தா பாட்டிங்கள ஏத்திக்கிட்டு வந்த கப்பலே புள்ளைங்கள திருப்பி கொண்டு போய் வுட்டுச்சு. சித்தப்பா பசங்க இங்க பொறந்தவங்க, நாகப்பட்டணத்த படத்துல கூட பாத்ததில்ல. அந்தக் காலத்து பயணம் சுகம்னு யாராச்சும் எழுதுனா எனக்கு இந்த கப்பல்தான் மொதல்ல வரும், என்ன பண்றது.

அதனால மலிவு டிக்கெட்ட நான் திட்ட மாட்டேன் அண்ணே. தண்ணிக்கு காசு கேக்கறது எரிச்சல்தான். நான் காலி போத்தல கொண்டு போயி செக்கிங் முடிஞ்சப்பறம் உள்ள இருக்குற கொழாயில ரொப்பிக்குவேன், நீங்களும் அப்பிடி செய்யுங்க. சீட்டு முட்டி இடிக்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு எறக்கி வுடுறான், எல்லாம் உண்மை. ஆனா சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு எங்க அம்மா பிளேன் ஏறி போனாங்க, எங்க காசுலயே, எந்த டிப்பார்ட்மெண்ட் டிக்கெட்டும் இல்லாம. எம்.எஸ்.ஏ இருந்த காலத்துல எங்க தோட்டத்துல சொந்த காசுல பிளேன் ஏறுனவன் ஒருத்தன் கெடையாது. ஏறுனவன் எல்லாம் அரசாங்கம் ஏத்துனவன், இல்ல ஆஸ்பத்திரி ஏத்துனவன். அம்மாவுக்கு யாரும் ஜூஸ் குடுக்கல, மேடம்னும் கூப்புடல, பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு பாட்டி பெல்ட்ட இப்பிடி போடுங்கன்னு மாட்டி வுட்டுச்சு. வீட்டுலேருந்து கட்டிக்கிட்டு வந்த நாசி லெமாக்க (தேங்காப்பால் சோறு) ரெண்டு பேரும் பங்கு போட்டு சாப்ட்டாங்களாம். ரூல் படி வெளி சாப்பாடு கூடாதாம், அம்மாகிட்ட யாரு போய் சொல்றது.

பேரன் பிளேன் பைத்தியம்னா இதையும் சொல்லி வைங்க: எம்.எஸ்.ஏ வாங்குன போயிங் 737, அதுல 100ன்னு ஒரு மாடல், ஒலகத்துலயே மொத்தம் 30தான் செஞ்சாங்க, அதுல அஞ்சு இவங்களுது. சிங்கப்பூர் போற வழியில நீங்க ஏறுனது ஃபோக்கரா, அந்த 737 தானான்னு நெனப்பிருக்கா? றெக்க கீழ இருந்துச்சுன்னா அது போயிங்தான்.

கூச்சிங் பத்தி ஒண்ணுமே எழுதல நீங்க. நான் சரவாக் பக்கம் போனதே கெடையாது. அங்க நம்மாளுங்க அப்ப எத்தன பேரு இருந்தாங்க, கோயில் இருந்துச்சா, டெலிகாம் வேலைக்கு உள்ள காட்டுப்பக்கம் போறப்ப அந்த குட்டி ஐலேண்டர்லயும் ஏறுனீங்களா, எல்லாத்தையும் வெவரமா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரமே போடுறேன்.