திருச்சிச் சாறியும் அடைவில் கிடக்கும் காப்பும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார்: “நானும் கணவரும் அரச உத்தியோகம். ஆனாலும் இருபதாம் திகதிக்குப் பிறகு கையில் காசில்லை. திருச்சியில் தங்கச்சி ஒரு சம்பளத்தில் நல்லாய் இருக்கிறாள். சாமான் எல்லாம் அங்கை மலிவு. வருசா வருசம் போய் உடுப்பு வாங்கி வருகிறோம். பென்சன் எடுத்ததும் அங்கேயே போய் இருந்தால் என்ன?”

ரீச்சர், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய வரிதான் விசயம். முதல் பயணத்துக்குக் காப்புச் சோடியும் சங்கிலியுமாக ஐந்து பவுண் நகையை அடைவு வைத்து 6 இலட்சம் எடுத்தீர்கள். மூன்று வருடமாக வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறீர்கள். 15 வீதம் என்றால் வருடம் 90,000. இதுவரை 2,70,000 போய்விட்டது. முதல் அப்படியே நிற்கிறது.

சென்ற முறை 8 சாறி. ஒன்று அங்கே 8,000 இந்திய ரூபா. இலங்கை ரூபாவுக்கு மாற்ற மூன்றரையால் பெருக்கினால் 28,000. யாழ்ப்பாணத்தில் 35,000 என்கிறீர்கள். எட்டுக்கும் சேர்த்து மிச்சம் 56,000. பலாலியிலிருந்து இருவருக்கு விமானச் சீட்டு, அறை, சாப்பாடு, ஓட்டோ என்று நீங்கள் எழுதிய செலவே 1,60,000. அந்த ஒரு வருட வட்டி 90,000ஐயும் கூட்டுங்கள்: 2,50,000 கொடுத்து 56,000 மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்!

அதிலும் ஐந்து சாறி மச்சாள்மாருக்கு. “பிறகு தாறம்” என்றவர்கள் தீபாவளிக்கு ஐயாயிரம், பொங்கலுக்கு ஐயாயிரம் என்று தருகிறார்கள். சாறி அவர்களுக்கு, வட்டி உங்களுக்கு. இனிக் காசு முன்னுக்கு வந்தால்தான் சாறி. மனத்தாங்கல் வரும், வரட்டும்.

திருச்சி மலிவுதான், மறுக்கவில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. குடும்ப அட்டைக்காரருக்கு ரேசன் அரிசி இலவசம். ஆனால் தங்கச்சி வாடகையும் கட்டுகிறா, மகனின் தனியார் கல்லூரிக் கட்டணமும் கட்டுகிறா. உங்களுக்குச் சொந்த வீடு, கிணறு. பிள்ளைகள் கம்பஸ் வரை இலவசமாகவே படித்தார்கள். அங்கே நீங்கள் விசாவில் இருக்கிற ஆள், அட்டை கிடைக்காது. பென்சனும் இலங்கை ரூபாவில்தான். 2022 தொடக்கத்தில் மூன்றுக்குக் கீழே இருந்த இந்திய ரூபா சில மாதத்தில் நாலரையைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே வாடகை கட்டிக்கொண்டு அப்படியொரு வருடத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்?

தங்கச்சியின் கணவர் தன் பெயரில் உங்களுக்கு மியூச்சுவல் ஃபண்ட் (பலரின் காசைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதி) போடுகிறேன் என்கிறாராம். இப்போது வாயைத் திறந்தால் எல்லாரும் எஸ்.ஐ.பி. தான், அதாவது அந்த ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடுவது. வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் பெயரில் கிடக்கிற காசை நாளைக்கு உங்களுடையது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது. 15 வீத வட்டிக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது எந்த ஃபண்டும் தேவையில்லை.

நகை வைத்த காலத்தைவிடப் பவுண் விலை இன்று வெகுவாக ஏறிவிட்டது. இரண்டு பவுண் காப்புச் சோடியை விற்றால் கடனில் பெரும்பகுதி தீரும். மீதிக்கு இந்த வருடப் பயணக் காசைப் போடுங்கள்; சங்கிலி வீட்டுக்கு வரும். அம்மா போட்ட காப்பு என்ற தயக்கம் விளங்குகிறது. ஆனால் மூன்று வருடமாக அது உங்கள் கையில் இல்லையே. பகுதிப் பணம் கட்டினால் காப்பை மட்டும் முதலில் விடுவிப்பார்களா என்று, அடுத்த புதுப்பிப்புத் திகதிக்கு முன் வங்கியில் கேளுங்கள்.