வீட்டில் ஒரு போன் இருந்தால் அங்கே எல்லோருக்கும் இணையம் இருப்பதாகக் கொள்ளலாமா?

முடியாது. காசிமேட்டில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்: இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் கணவரோடு கடலுக்குப் போய்விடும், விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடும் அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதுவும் பாதி நாள் ரீசார்ஜ் இல்லாமல். ஆனால் கணக்கில் அது 'இணையம் உள்ள வீடு'. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஆளாளாகக் கேட்டபோது, நாடு முழுக்க 15-49 வயதுப் பெண்களில் தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தவர்கள் சுமார் 54 சதவீதம், எப்போதாவது இணையத்தைத் தொட்டவர்கள் 33தான் (ஆண்கள் 57).

அப்புறம், போன் வழியாகவே ஆய்வு நடத்துகிறவர்கள் வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பினால் இந்த அம்மா விடுபட்டுவிடுவார். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டுத் தமிழில் கேள்வி கேட்கும் குரல்வழி முறை தேவலை, அவருக்குக் காசு செலவில்லை. சரி, அதையும் ஏல நேரத்தில் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்?